வெள்ளைச் சட்டைக்குக் காவல் இருந்த நாள்

அயர்லாந்தில் எங்கள் வீட்டில் சட்டைகள் நாற்காலியில் உட்கார்ந்துதான் காயும். பின்னால் கொடி கட்ட இடமிருக்கிறது, வெயில்தான் இல்லை. சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள், நான்கின் முதுகிலும் என்னுடைய வெள்ளைச் சட்டைகள். ஏழு வயது மகன் தட்டைத் தூக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான். வந்த புதிதில், விடிகாலையில் விளக்கைப் போட்டால் தலையில்லாத நாலு பேர் எனக்காகக் காத்திருப்பது போலிருக்கும், நெஞ்சு திக்கென்று அடித்துக்கொள்ளும். பதினொரு வருஷமாகியும் அந்தத் திடுக்கிடல் முழுதாகப் போகவில்லை. நான் பிறவியிலேயே பயந்தவன். இதைப் படிக்கப் போகும் என் ஊர்க்காரர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள்.

தங்கும் விடுதி ஒன்றின் வரவேற்பறையில் நிற்பது என் தொழில். வாரத்துக்கு ஐந்து சட்டை வேண்டும். எனவே சட்டை பராமரிப்பில் எனக்குக் கொஞ்சம் ஞானம் உண்டு. காலருக்குள் செருகியிருக்கும் பிளாஸ்டிக் பட்டையை உருவிவிட்டுத்தான் துவைக்க வேண்டும். காலரை மென்மையான பிரஷ்ஷால் தேய்க்கலாம், முறுக்கிப் பிழியக் கூடாது. லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டுவிட வேண்டும், காலரை நுனியிலிருந்து நடுவுக்கு. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நண்பர்கள் போனில் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: விலை கூடின சட்டை வாங்கினால் கட்டுபடியாகுமா? பதில் சொல்வதற்கு முன்னால், அப்படி ஒரு சட்டையை வாங்கிவிட்டு நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

சட்டை என்றாலே எனக்குப் பயம் வந்தது அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில். திருச்சுழிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில் போர்வெல் தண்ணீர் கடும் உப்பு. சோப்பு நுரைக்காது, திரிந்த பாலைப் போலப் பிரிந்து நிற்கும். அதில் துவைத்த வெள்ளைச் சட்டை நாலு மாதத்தில் பழுப்பேறி, கையில் எடுத்தால் மொடமொடவென்று இருக்கும். டவுன் பையன்களின் சட்டைகளுக்கு நடுவே எங்கள் பஸ்ஸில் வந்த நாலைந்து பேர் தனியாகத் தெரிவோம். கணக்கு வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏப்பா உப்புத்தண்ணி, எந்திரி" என்பார். வகுப்பு சிரிக்கும். நான் எழுந்து நிற்பேன், தெரிந்த விடையும் மறந்துபோகும். ஆள் யாரென்று சட்டையை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற எண்ணம் அன்று உள்ளே போனது. இன்னும் வெளியே வரவில்லை.

போன வருஷம் என் விடுதியை மூடினார்கள். முதலாளி கட்டடத்தை விற்றுவிட்டார். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை போவதென்றால் வேலை மட்டும் போவதல்ல. அந்த வேலையின் கயிற்றில்தான் விசா தொங்குகிறது. குறித்த காலத்துக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் மனைவி மீனா, மகன், அவனுடைய பள்ளிக்கூடம், நாற்காலிகள் எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டும். முதல் நேர்காணலுக்கு என் வழக்கமான மலிவுச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பழைய விடுதியில் என்னுடன் வேலை பார்த்த நோரா என்ற அயர்லாந்துப் பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்து "கிராண்ட்" என்றார். நம் ஊரில் கல்யாணத்தை கிராண்டாகச் செய்தார்கள் என்போமே, அந்த கிராண்ட் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். வேலை கிடைக்கவில்லை. இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு 'ஏதோ பரவாயில்லை' என்பதுதான் பொருள் என்று மீனா பிறகு சொன்னாள். அவ்வளவுதான், என் பயம் முழுக்கப் போய் சட்டைக் காலரில் உட்கார்ந்துகொண்டது. என் அனுபவம், பேச்சு, வயது எதையும் நான் சந்தேகிக்கவில்லை. காலர் நுனி சுருண்டிருந்ததுதான் காரணம் என்று முடிவுகட்டினேன்.

அதனால் ஒரு சட்டை வாங்கினேன். விலையை மீனாவிடம் பாதிதான் சொன்னேன், அதற்கே இரண்டு நாள் பேசவில்லை. நெருக்கமான தையல், சிப்பிப் பொத்தான், தொட்டால் தண்ணீரைத் தொட்டது போன்ற துணி. அதைப் போட்டுப் பார்த்த நிமிஷத்தில் உப்புத்தண்ணி என்ற பெயர் எனக்கு இல்லாமல் போயிற்று என்பது உண்மை. அடுத்த நேர்காணல் ஒரு திங்கட்கிழமை, கணினி வழியாக. அதற்கு முந்தின ஞாயிறு ஊரில் அக்காவின் இளைய மகளுக்குக் காதுகுத்து. வேலை இருந்த காலத்திலேயே எடுத்த பயணச்சீட்டு. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வராமல் காதுகுத்து ஏது? போகாமலிருந்தால் ஏன் என்று கேட்பார்கள். வேலை போனதை ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சட்டையைப் பெட்டியில் மேலாக மடித்து வைத்து, தனியாகவே கிளம்பிப் போனேன்.

திருச்சுழியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் முகமே என்னைப் பார்த்தது. ஆளுயர பேனர். 'தாய்மாமன், அயர்லாந்து' என்று என் பெயருக்குக் கீழே கொட்டை எழுத்து. அழைத்துப் போக வந்திருந்த மச்சான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், "ஏலே மாப்ள, எப்பிடி இருக்கு? காரியாபட்டில சொல்லி அடிச்சேன்" என்றார். இன்னும் சில வாரங்களில் அந்த நாட்டின் பெயரை என் பெயருக்குக் கீழே போட எனக்கு உரிமை இருக்குமா என்பது தெரியாது. பேனரைப் பார்த்துச் சிரித்து வைத்தேன்.

திங்கட்கிழமைக்கான சட்டையை ஞாயிற்றுக்கிழமை போட்டதுதான் நான் செய்த முட்டாள்தனம். மற்ற சட்டைகளின் காலர் பிசிறு தட்டியிருந்தது. பேனரில் இருப்பவன் பிசிறடித்த காலரோடு வந்தால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்தேன். ஒரு மணி நேரம், மடியில் குழந்தை, போட்டோ, உடனே கழற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கருவேலங்காட்டுக்குள் இருக்கிறது எங்கள் குலசாமி கோயில். குழந்தை என் மடியில் கத்தித் தீர்த்தாள், மொட்டைத் தலைச் சந்தனம் சட்டையில் படாமல் துண்டை விரித்துக்கொண்டு தப்பித்தேன். எழுந்து நின்றேன். முறைக்காரிகள் என்ற ஒரு கூட்டம் உண்டென்பதைப் பதினொரு வருஷம் எனக்கு மறக்கடித்திருந்தது. மச்சானின் தங்கை செல்வி, இரண்டு பிள்ளை பெற்றவள், பின்னாலிருந்து ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை என் தோளில் ஊற்றினாள்.

"மச்சான் வெள்ளையும் சொள்ளையுமா வந்தா விட்டுருவமா?" என்றாள். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்திருக்க வேண்டும். நான் குனிந்து சட்டையைத்தான் பார்த்தேன். தோளிலிருந்து நெஞ்சுவரை மஞ்சள் இறங்கி ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு ஓடிவந்து, யாருக்கும் தெரியாமல் பின்பக்கம் போய், போர்வெல் தண்ணீரை வாளியில் பிடித்து சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். கறை சிவந்துவிட்டது. மஞ்சள் இருந்த இடமெல்லாம் ரத்தச் சிவப்பு. குத்துப்பட்டவன் சட்டையைத் துவைப்பவனைப் போல உட்கார்ந்திருந்தேன். சட்டையை வாளியிலேயே மூழ்கவைத்து, மேலே ஒரு தட்டை மூடிவிட்டு வந்தேன். இரவு தூக்கமே இல்லை.

காலையில் வாளியைத் திறந்தது அக்கா. "ஏலே, மஞ்சள்ல சோப்பு பட்டா செவக்கும்னு தெரியாதா ஒனக்கு? பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியுமே."

"மத்தியானம் ரெண்டரைக்கு ஆபீஸ் மீட்டிங்கு. இந்தச் சட்டையத்தான் போடணும்."

"டவுனுக்குப் போயி ஒண்ணு எடுத்துட்டு வாரேன் மாப்ள, பைக்குல போனா எம்புட்டு நேரம்?" என்றார் மச்சான். வேண்டாம் என்று கத்திவிட்டேன். அவர் திகைத்துப்போனார். அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் போய், நாலு நாளைக்கு ஒருமுறை வரும் நல்ல தண்ணீரில் ஒரு குடத்தைத் தூக்கி வந்தாள். சமையலுக்கும் குடிக்கவும் வைத்திருப்பது. தடுத்தேன், கேட்கவில்லை. ஒரு குடம், இன்னொரு குடம், மூன்றாவதும். சோப்பு போகப் போகச் சிவப்பு வடிந்து கறை மறுபடி மஞ்சளானது. "இத ஈரத்தோட வெயில்ல போடு. காயக் காயத் தண்ணி தெளி. மஞ்சள வெயிலு தின்னுரும்" என்றாள். சட்டையின் உட்பக்கம் தைத்திருந்த துணிச் சீட்டில் நேர் வெயிலில் காயவைக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. வெயிலுக்கு இப்படியொரு வேலை உண்டென்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மாடியில் கொடி கட்டிச் சட்டையை மாட்டினேன். வைகாசி வெயில், வெறுங்காலோடு நிற்க முடியாது. கையில் ஒரு சொம்பு. காக்கை உட்காருமோ, காற்றில் புழுதி வருமோ, மஞ்சள் போவதற்குள் ரெண்டரை ஆகிவிடுமோ என்று பயந்து பயந்து தெளித்துக்கொண்டே நின்றேன். பத்து மணிக்கு எலுமிச்சை நிறம். பன்னிரண்டுக்கு மோர் நிறம். அக்கா பழைய சோற்றை வடித்த நீச்சத் தண்ணி ஒரு சொம்போடு மேலே வந்தாள்.

"வேல போயிருச்சா?" என்றாள்.

"யாருக்கா சொன்னா?"

"யாரும் சொல்லல. வேல இருக்குறவன் ஒரு சட்டைக்கு இப்பிடிக் காவலிருக்க மாட்டான்."

ஆமாம் என்றேன். வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல்முறை. மீனாவிடம்கூட 'விடுதியை மூடுகிறார்கள்' என்றுதான் சொல்லியிருந்தேன், வேலை போய்விட்டது என்ற சொல்லைத் தொடாமல். அழுதுவிட்டேன். அக்கா என் தோளில் கைவைத்தாள்.

"இதுக்கா பயந்து சாவுற? கெடைக்காட்டி வந்துரு. நெலம் சும்மாதான் கெடக்கு. மச்சானுக்கு லோடு வண்டிக்கு ஆளு வேணும். மீனாவையும் புள்ளையையும் கூட்டிக்கிட்டு வந்துரு. நாங்க என்ன, ஒன் சட்டையவா பாக்கப் போறோம்?"

இதைவிட அன்பாக ஒருவரால் பேச முடியாது. ஆனால் வேலை போன அந்த இரண்டு மாதத்தில் நான் அதிகம் பயந்த நிமிஷம் அதுதான். 'வந்துரு' என்று அவள் சொன்னதும் என் உடம்பு முழுக்க மாட்டேன் என்றது. வெறுப்பில்லை, கோபமில்லை, மாட்டேன், அவ்வளவுதான். வேறு வேலை கிடைக்காதோ என்று பயந்துகொண்டிருப்பதாக நினைத்தேனே, என் பயம் ஊருக்குத் திரும்பி வர நேர்ந்துவிடுமோ என்பதுதான் என்று அப்போது தெரிந்தது. அவள் தந்த தண்ணீரைக் குடித்தபடி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். அவள் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன். சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து, அவளே கீழே கொண்டுபோய்த் தேய்த்தாள்.

ரெண்டரை மணிக்கு, மேலே வெள்ளைச் சட்டையும் கீழே கைலியுமாகக் கணினி முன்னால் உட்கார்ந்தேன். திரையில் ஒரு பெண்மணி. என்னை உற்றுப் பார்த்து, "உங்கள் ஊரில் மூடுபனியா? வெறும் வெள்ளையாகத் தெரிகிறது" என்றார். எனக்குப் பின்னாலிருந்த ஜன்னல் வெயில் என் உருவத்தையே அழித்திருந்தது. மூடுபனி இல்லை, வெயில் என்றேன். கொடுத்துவைத்தவர் என்று பெருமூச்சு விட்டார். இணைப்பும் திக்கித் திக்கி வந்ததால் படத்தை அணைத்துவிடுங்கள், குரல் போதும் என்றார். அணைத்தேன். அந்தச் சட்டையை அவர் பார்க்கவே இல்லை. பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டபோது வேலை போய்விட்டது என்று நேராகச் சொன்னேன். ஒருமுறை அக்காவிடம் சொல்லியிருந்ததால் இப்போது அது எளிதாக வந்தது. அடுத்த பத்து நிமிஷம் நான் நானாகவே பேசினேன்.

வேலை கிடைத்தது. கேட்டவர்களுக்குப் பதில்: விலை கூடின சட்டை தையல் விடாது, காலர் சுருளாது, ஒழுங்காகத் துவைத்தால் மலிவுச் சட்டை மூன்றின் ஆயுள் தாங்கும். அதற்காக வாங்குங்கள். பயத்துக்காக வாங்காதீர்கள். பயத்தை மூடுகிற அளவுக்கு அகலமான துணி எந்தக் கடையிலும் இல்லை.

வேலையில் சேர்ந்த முதல் வாரம், கூட்டமில்லாத ஒரு பிற்பகலில் மேசையிலிருந்தே அக்காவுக்குப் போன் செய்தேன். கிடைத்துவிட்டதைச் சொன்னேன். "நல்லதுலே. சாமி கண்ணத் தொறந்துருச்சு" என்றாள். மச்சானைக் கூப்பிட்டுச் சொன்னாள், குழந்தையைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அப்ப நீ இனிமே வரமாட்ட" என்றாள். கேள்வியாக அதைக் கேட்கவில்லை.

அப்படியெல்லாம் இல்லக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். கதவு திறந்து, மழையில் நனைந்த ஒரு கிழவரும் கிழவியும் பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். அக்கா போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. மேசைமேல் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எழுந்து நின்று காலரைச் சரிசெய்து, எங்கள் ஊருக்கு உங்களை வரவேற்கிறோம் என்று அவர்களிடம் சொன்னேன்.