கெஸ்டன்ராட் வீட்டுச் சிவப்பு

உள்ளங்கையில் அடங்கும் தகர டப்பா. மூடியில் யானைப் படம், அதன் கீழே தமிழ் எழுத்தில் 'கெஸ்டன்ராட்'. ஸ்ரீவில்லிபுத்தூரில் ராவுத்தர் கடையில் அந்தச் சிவப்புச் சாயத்தை முதன்முதலாக வாங்கினேன். மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் அந்தப் பெயரை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. ஜெர்மனியில் பெரிய சாயப்பட்டறை நடத்தும் குடும்பத்தின் பெயராம் அது. அங்கேயே அபூர்வமான பெயராம். வேரை இடித்துச் சாயம் காய்ச்சிப் பழகிய எனக்கு டப்பாவில் வரும் சிவப்பு என்றாலே பயம். எனக்கு எல்லாவற்றுக்குமே பயம்தான்.

அந்த வருஷம் ராஜபாளையத்தில் பருத்தி அரவை மிஷின் பூட்ட ஒரு ஜெர்மன்காரர் வந்திருந்தார். அவர் பெயரும் கெஸ்டன்ராட். கொஞ்சம் தமிழ் பேசுவார். எல்லோரும் மிஷின்துரை என்றார்கள்.

அப்போதுதான் அவ்வூர் அம்மா ஒருவர், மகள் கல்யாணத்துக்காக ஒரு சேலையை என்னிடம் சாயம் போடக் கொடுத்தார். துணி படிகாரத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறினால்தான் சாயம் பிடிக்கும். மேற்கே மலையில் மேகம் திரண்டதைப் பார்த்தேன். மழை வந்தால் காயாதே என்று பதறி, ஒரே நாளில் எடுத்துச் சாயத்தில் போட்டுவிட்டேன். அந்த அம்மா சேலையை நனைத்ததும் முழங்கை வரை சிவப்பு. கல்யாணத்துக்கு ஐந்தே நாள்.

"சாயம் மோசம்மா" என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் பிறகு யார் என்னை நம்பித் துணி கொடுப்பார்கள்? டப்பாவில் இருந்த பெயரைப் படித்துக் காட்டினேன். அதுதான் வினையாயிற்று. தெலுங்கு பேசும் அவர்கள் பக்கத்தில் வீட்டுப் பெயர் ஒன்றென்றால் பங்காளி. ஒருவர் தப்புக்கு மற்றவர் பதில் சொல்லியாக வேண்டும். நான் கெஞ்சியும் கேட்காமல் அந்த அம்மா நேரே மிஷின்துரை முன்னால் போய் நின்றார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"அது வேற வீடு அம்மா. பெரிய வீடு. நான் மிஷின் பூட்டுற பிட்டர்."

"வீட்டுப் பேரு ஒண்ணு, ஆளு மட்டும் வேறயா? யாருகிட்ட கதை விடுதீரு தொரை? எம்பிள்ள எதக் கட்டிக்கிட்டு மணையில உக்காருவா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். துரை சேலையின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு என்னிடம், "படிகாரம் எத்தனை நாள்?" என்றார்.

"ரெண்டு."

என் முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுகொண்டவர், அந்த அம்மா பக்கம் திரும்பித் தலை குனிந்தார்.

"எங்க வீட்டுத் தப்பு."

"இத மொதல்லயே சொல்லுததுக்கு என்ன?" என்று அந்த அம்மா விறுவிறுவென்று போய்விட்டார்.

துரை எண்ணெய்க் கையைத் துடைத்தபடி என்னிடம் சொன்னார்: "எங்க ஊர்ல எல்லாரும் கேப்பாங்க, அந்தப் பெரிய வீடா? எப்பவும் இல்லன்னு சொல்வேன். இன்னிக்கு ஒரு நாள், ஆமா." சிரித்துவிட்டு மிஷினுக்குத் திரும்பினார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் அந்தப் பொய்யோடு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பேன். இப்போது நரைத்துவிட்டது, எத்தனையோ பேரிடம் ஏச்சு வாங்கியாயிற்று. எதுவும் அந்தச் சிரிப்பைப் போல் என்னைப் பிடித்து நிறுத்தியதில்லை.

அன்றைக்கே அந்த அம்மாவின் வாசலில் போய் நின்றேன். "தப்பு என்னுதும்மா. ஒரே நாள்தான் ஊறப்போட்டேன்."

சேலையைச் சுருட்டி என் மேல் எறிந்தார். "ரெண்டு நாளு ஊறணும். வானமே இடிஞ்சு விழுந்தாலும் ரெண்டு நாளு!" பிறகு சிவப்பேறிய தன் கைகளைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பாவிப்பயலே, அம்புட்டுப் பேருக்கு முன்னால அந்த மனுசன நிக்க வச்சுட்டு, ஒரு வாய் மோர்கூடக் குடுக்காம வந்துட்டேனேலே."