மூன்று பேர் வேண்டிய வேலை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் காரின் கிளச் மிதி ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் தரையோடு படுத்துக்கொண்டது. மிதித்தால் கீழே போனது, மேலே வர மறுத்தது. வேறு எந்த வெள்ளிக்கிழமையாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த ஞாயிறு, காரில்தான் போகவேண்டிய ஊன்ட்றொப் கோயிலில் அம்பாளுக்குத் தேர். அம்மாவுக்குப் பாற்செம்பு எடுக்கும் நேர்த்தி இருந்தது. எனக்கு நேர்த்தி ஒன்றுமில்லை, காப்புக் கடைகளும் ஐஸ்கிறீமும்தான். ஆனாலும் பக்தியில் நான் அம்மாவுக்குக் கொஞ்சமும் குறைந்தவளில்லை.

கராஜில் இரண்டு கிழமை கழித்துத்தான் டெர்மின் என்கிற முன்பதிவு கிடைக்கும் என்றார்கள். அம்மா யாரையும் கேட்காமல் மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

மாமா அம்மாவின் தம்பி, கார் திருத்துவதையே தொழிலாகப் படித்தவர். அவரும் அப்பாவும் ஒரு வருடமாகப் பேசுவதில்லை. என் அக்கா பெரியவளானபோது வைத்த சாமத்திய வீட்டில் தாய்மாமன்தான் முதல் தண்ணீர் வார்க்கவேண்டும். மாமாவோ நெடுஞ்சாலை நெரிசலில் அகப்பட்டுக்கொண்டார். நல்ல நேரம் போகிறதே என்று அப்பா தன் சிநேகிதர் ஒருவரைக்கொண்டு வார்ப்பித்துவிட்டார். மாமா தட்டோடு உள்ளே வந்தார், அக்காவின் ஈரத்தலையைப் பார்த்தார், தட்டை வைத்துவிட்டுச் சாப்பிடாமலே போய்விட்டார்.

அந்த மாமா சனிக்கிழமை எங்கள் வாசலில் வந்து இறங்கினார்! நான் துள்ளிக்கொண்டு ஓடி அவருடைய காரின் பின்பெட்டியிலிருந்து சாமான் இறக்கினேன். ஒரு சிவப்புப் பெட்டிக்குள், எங்கள் டாக்டர் இரத்த அழுத்தம் பார்க்கிற கருவிபோல, கைப்பிடியும் முள்ளோடு வட்ட முகமும் வைத்த ஒன்று கிடந்தது. தூக்கிப் பார்த்தேன். மாமா மெல்ல வாங்கித் துவாயால் மூடினார்.

"அது இண்டைக்குத் தேவைப்படாது, மருமகள்."

அப்பா பல்கணியில் நின்று பூச்சாடிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். மாமா பழுதான பாகத்தைக் கழற்றிப் புதியதைப் பூட்டிவிட்டு, பல்கணிக்கும் கேட்கும்படி அம்மாவிடம் சொன்னார்.

"அக்கா, இனிக் குழாயில நிக்கிற காத்தையும் பழைய ஒயிலையும் வெளியேத்தவேணும். ஊத்தை ஒயில் நிண்டால் புதுச் சாமானும் பழுதாப்போகும். மேல ஒராள், கீழ ஒராள், மிதிக்க ஒராள். மூண்டு பேர் இல்லாமல் ஏலாது."

அம்மா, அடுப்பில் கறி இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் அப்பா இறங்கி வந்தார். நிலவறையிலிருந்து ஒரு பழைய பிரேக் ஒயில் போத்தலையும் எடுத்து வந்தார்; கிளச்சுக்கும் அதே ஒயில்தான். யாரையும் பார்க்காமல், உயர்த்தி நிறுத்தியிருந்த காருக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டார்.

நான் சாரதி இருக்கையில் ஏறினேன். ஸ்டியரிங் என் கையில்! நுனியில் வழுக்கி உட்கார்ந்தால் கால் மிதியைத் தொட்டது. மாமா எஞ்சின் பக்கம் நின்று, ஒயில் குப்பியின் மூடியைத் திறக்குமுன் அதைச் சுற்றித் தூசியில்லாமல் துடைத்தார்.

"அப்பாட்டைச் சொல்லு, அந்தப் போத்தல் சரிவராது. திறந்து வைச்சது காத்தில இருக்கிற ஈரத்தைக் குடிச்சிருக்கும்."

"அப்பா, போத்தல் ஈரம் குடிச்சிட்டுதாம்!"

"மூடி போட்டுத்தான் வைச்சனான் எண்டு சொல்லு."

டாக்டரிடமும் அலுவலகங்களிலும் அப்பா அம்மாவுக்காக நான் இந்த நாட்டு மொழியான டொச்சைத் தமிழாக்குவது வழக்கம். தமிழைத் தமிழாக்கியது அன்றுதான் முதல் தடவை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பழைய போத்தல் ஓரமாகப் போனது, மாமா கொண்டுவந்த புதுப் போத்தல் வந்தது. மிதிக்கட்டாம், மிதித்தேன். திறக்கட்டாம், அப்பா கீழே திருகாணியைத் திறந்தார். பூட்டியாச்சாம், காலை எடுத்தேன். பால் விடாத தேநீரைப்போலக் கறுத்த ஒயில், ஒரு ஜாம் போத்தலுக்குள் விழுந்ததாம். றப்பர்த் தூள்கூட மிதந்ததாம். எட்டிப் பார்க்க ஆசையாக இருந்தது, ஆனால் பதவியை விட்டு இறங்க மனமில்லை.

வேகம் பிடித்தது. மிதித்தேன், அப்பா திறந்தார். அந்த நேரம் பார்த்துத் தேவாலய மணி அடிக்கத் தொடங்கியது. மாமா குப்பியைப் பார்த்துவிட்டு, பூட்டச் சொல்லு என்று என்னிடம் கைகாட்டினார். நான் கத்தினேன். மணிச் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. மாமா காரின் பக்கத்தில் ஓங்கித் தட்டினார்.

"அத்தான்! பூட்டுங்கோ! ஒயில் முடியுது, காத்து இழுக்கப்போகுது!"

மணி ஓய்ந்தது. தேர் போச்சு என்று நினைத்தேன்.

"பூட்டிட்டன், மச்சான்" என்றார் அப்பா. பிறகு, "புதுப் போத்தலையே விடு. இன்னும் கறுப்பாத்தான் வருது, நிப்பாட்டாதை" என்றார்.

அதோடு என் மொழிபெயர்ப்பு வேலை போய்விட்டது. அத்தான், மச்சான் என்று இரண்டு பேரும் நேரடியாகவே சத்தம்போட்டார்கள். எனக்கு மிதிக்கிற வேலை மட்டும் மிஞ்சியது. கொஞ்சம் கோபம்கூட வந்தது. கண்ணாடிபோலத் தெளிந்த ஒயில் வந்தபிறகுதான் நிறுத்தினார்கள். மிதி என் காலை உதைத்துக்கொண்டு மேலே வந்தது. அம்மா மூன்று பேருக்கும் சோறு போட்டார். மாமா இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் ஊன்ட்றொப்புக்கு எங்கள் காரை ஓட்டியது மாமா. திறப்பைக் கொடுத்தது அப்பா. அம்மா பாற்செம்போடு வழியெல்லாம் அழுதார். செம்பு பாரமாக்கும் என்று நினைத்து, நான் எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

போன மாதம் என் காருக்கும் அதே பாகம் மாற்றினார்கள். கராஜில் ஓர் இளைஞன் மூடியைச் சுற்றித் துடைத்து, புதுப் போத்தலைத் திறந்து ஊற்றினான். பிறகு மாமாவின் சிவப்புப் பெட்டியில் கிடந்ததுபோலக் கைப்பிடியும் வட்ட முகமும் வைத்த ஒரு கருவியைக் கீழே மாட்டி, விசிலடித்துக்கொண்டு பழைய ஒயிலை உறிஞ்சி எடுத்தான். இதற்கு மூன்று பேர் வேண்டாமா என்று கேட்டேன். இது இருந்தால் ஒருவரே போதுமே என்று சிரித்தான்.

அங்கே நின்றபடியே மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் சொல்லி முடிக்குமுன் அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"இப்பதான் விளங்கினதோ? அப்பாட்டைச் சொல்லிப்போடாதை."

அவருக்குப் பக்கத்திலிருந்து இன்னொரு குரல் கேட்டது.

"ஆர் மச்சான் போனில?"