நானூற்றுப் பன்னிரண்டு ஸ்வரங்களின் நோட்டு

என் தங்கை வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று மேடை நாடகங்களுக்கு இசை அமைத்தாள். பார்வையற்ற குழந்தைகளுக்கான கதைக் குறுந்தட்டுகள் பதினாறுக்குப் பின்னணி இசை செய்தாள். ‘வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாதவர்’ என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிய ஒலிப்பதிவுப் பள்ளி, மூன்றாம் முறை அவளைச் சேர்த்துக்கொண்டது. இன்று அதே பள்ளியில் வாரத்துக்கு இரண்டு வகுப்பு எடுக்கிறாள். தொடங்கும்போது அவளிடம் இருந்தது வலது பொத்தான் செத்துப்போன ஒரு மௌஸ். கைகளோ, ஒரு விரலுக்கு மறு விரலோடு பேச்சுவார்த்தை இல்லாத கைகள்.

வீட்டில் அவளைக் கடுகு என்போம். பிறந்தபோது அவ்வளவு சிறிதாக இருந்தாள். காரம் பின்னால் வந்தது.

நான் பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று பேரேட்டில் எழுதுவது என் வேலை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டாலும் கோடு போட்டு எழுதுவதில் எனக்கு நிகர் நான்தான் என்ற நினைப்பு உண்டு. கடுகு ஒரு கடையில் பழைய கேசட்டுகளைக் குறுந்தட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். இரைச்சலை எடுப்பாள், மேடைப் பேச்சுக்கு நடுவே வரும் இருமலை வெட்டுவாள். கடையில் புதுக் கணினி வாங்கியபோது பழையது எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்தது. பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அதற்கு இடம் கொடுத்து, தூசி படாமல் இருக்க அம்மா ஒரு திரை தொங்கவிட்டாள்.

அந்தக் கணினியால் தாங்க முடிந்தது ஒரே ஒரு ஒலித் தொகுப்பு மென்பொருளை. வெட்டும், ஒட்டும், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும், அவ்வளவுதான். வாத்தியம் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. பெரிய ஒலிக்கூடங்களில் மிடி என்று ஒன்று உண்டாம். எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு அழுத்தம் என்ற குறிப்பைக் கொடுத்தால் கணினியே வாசித்துக்கொள்ளும். எங்கள் மென்பொருளுக்கு அந்தக் குறிப்பைப் படிக்கவே வராது.

கடுகு வேறொரு வழி கண்டாள். திரையில் பியானோக் கட்டைகளைக் காட்டும் சின்ன நிரல் ஒன்று எங்கிருந்தோ கிடைத்தது. பியானோ, புல்லாங்குழல், செல்லோ மூன்றும் அதில் இருந்தன. ஒரு கட்டையை மௌஸால் அழுத்துவாள். அந்த ஒரே ஒலியைத் தொகுப்பு மென்பொருளில் பதிவு செய்வாள். முன்னால் இருக்கும் வெற்று மௌனத்தை, அலை எழும் இடம் வரை பெரிதாக்கிப் பார்த்து வெட்டுவாள். பிறகு அது வரவேண்டிய நொடியில் கொண்டுபோய் ஒட்டுவாள். அடுத்த ஸ்வரம்.

“அதே ஸ்வரம் திரும்ப வந்தா நகல் எடுத்து ஒட்டிக்கலாமே, எதுக்கு மறுபடி பதியற?” என்று ஒருமுறை கேட்டேன்.

“ஒரே ஆள் ரெண்டு தடவ ‘வா’ன்னு கூப்பிட்டா ரெண்டும் ஒரே மாதிரியா இருக்கும்? நீ என்னைக் கூப்பிடறதையே கவனி.”

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. “ஒரு பாட்டை முழுசாப் போடு, உக்காந்து கேக்கறேன். இப்படி ஒத்தச் சத்தத்தையே தட்டிட்டிருந்தா, நான் அரிசியில கல்லு பொறுக்கறதா, உன் சத்தத்தை எண்றதா?”

எதை எங்கே ஒட்டினோம் என்று கடுகுக்கு அடிக்கடி மறந்துபோகும். பணிமனையில் பழைய பேரேடு ஒன்று பாதி காலியாகக் கிடந்தது. கேட்டு வாங்கிவந்து, வண்டி எண், வந்த நேரம், போன நேரம் என்ற தலைப்புகளை அடித்துவிட்டு, வாத்தியம், கட்டை எண், தொடக்கம், நீளம், அழுத்தம் என்று எழுதினேன். கட்டைகளுக்கு அவள் இடமிருந்து எண் போட்டிருந்தாள், கறுப்பையும் சேர்த்து. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். “பியானோ, முப்பத்துநாலு, ஒரு நிமிஷம் பதினேழு புள்ளி நாலு, அரை நொடி, மெதுவா.” எனக்கு அது பழகிய வேலைதான்.

அப்படி உருவானதுதான் நாடகக் குழுவுக்கான பதினோரு நிமிட இசை. கடைக்கு வந்த இயக்குநர், கடுகு தான் ஒட்டிய இசையைக் கேட்டுக்கொண்டிருந்த ஹெட்போனை வாங்கிக் கேட்டுவிட்டு, தன் நாடகத்துக்குக் கேட்டிருந்தார். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு ஸ்வரம். பக்கத்துக்கு இருபத்துநான்கு வரியாகப் பதினேழு பக்கம், பதினெட்டாம் பக்கத்தில் நான்கு வரி.

தட்டைக் கொடுக்கப் போனபோது நானும் உடன் போனேன். குழுவில் பாடகர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கீபோர்டுக்காரர் அங்கே இருந்தார். முழுதும் கேட்டார். எப்படிச் செய்தாள் என்பதையும் கேட்டார்.

“ஒவ்வொண்ணா ஒட்டுனியா? அப்போ இது வாசிப்பு இல்லம்மா, தையல்.”

இயக்குநர் படிவத்தை நீட்டினார். “இசைன்னு போட்டிருக்கற இடத்துல கையெழுத்துப் போடுங்க. பேரு அச்சுல வரும்.”

கடுகு பேனாவைத் தொடவில்லை. “வேணாம் சார். நான் வாசிக்கலயே. குழுன்னு போட்டுக்கோங்க.”

வீடு திரும்பினோம். கணினியில் இடமில்லை என்று, தனித்தனி ஒலிகள் அத்தனையையும் அன்றே அழித்தாள். ஒன்றாகக் கலந்த பதினோரு நிமிடம் மட்டும் மிஞ்சியது. இனி இந்த வேலையே வேண்டாம் என்று அவள் முடிவு கட்டிவிட்டதாக எனக்குப் பட்டது.

அக்டோபர் 31, வெள்ளிக்கிழமை மாலை இயக்குநர் வீட்டுக்கே வந்துவிட்டார். கதாநாயகிக்குக் கால் முறிந்துவிட்டது. புதிதாக வந்தவளின் குரல் கட்டை, பழைய சுருதியை எட்டவில்லை.

“கறுப்பையும் சேர்த்து ரெண்டு கட்டை இறக்கணும்மா. ஒன்பதாம் தேதி ஒத்திகை. முடியலன்னா சொல்லிடுங்க, கீபோர்டுக்காரர் வேற ஏதாவது வாசிச்சுடறேங்கறார்.”

கடுகு கலந்த ஒலியை அப்படியே இறக்கிப் பார்த்தாள். பியானோ தண்ணீருக்கடியில் முனகியது. ஒன்றாகிவிட்ட ஒலியில் எந்த ஸ்வரம் எது என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்?

“அழிச்சுட்டேனே அண்ணா.”

நான் பீரோவின் மேலிருந்து பேரேட்டை எடுத்து மேசையில் வைத்தேன். அவள் முதல் பக்கத்தைத் திறந்தாள். பிறகு இயக்குநரிடம், “ஒன்பதாம் தேதி கொண்டுவரேன் சார்” என்றாள்.

எட்டு நாள் காலை, ஐந்து மணியிலிருந்து எட்டு வரை. சிவப்பு மையால் ஒவ்வொரு எண்ணிலும் இரண்டைக் கழித்து எழுதிக்கொடுத்தேன். முப்பத்துநான்கு முப்பத்திரண்டு ஆனது. ஒரு ஸ்வரத்துக்கு மூன்றரை நிமிடம் பிடித்தது. ஜன்னலில் வெளுப்பு ஏறும்போது ஒற்றை ஒலி ஒன்று எழும், அடங்கும், மௌஸ் சொடுக்கும், மறுபடி எழும். இப்போது கடுகின் கணினி நானூறு ஸ்வரத்தை ஒரு நொடியில் இறக்கிக் கொடுக்கிறது. எனக்கோ இன்றும் ஐந்து மணிக்கு விழிப்புத் தட்டிவிடுகிறது. எதற்கென்று தெரியாமல் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கிடப்பேன்.

ஆறாம் நாள் கடுகு சட்டென்று நிறுத்தினாள். “அண்ணா, ஒரு பஸ் இன்னும் பழைய ரூட்லயே போகுது.”

பன்னிரண்டாம் பக்கம், ஒன்பதாம் வரி. இரண்டைக் கழிக்க மறந்திருந்தேன். இத்தனை வருட வேலையில் நான் செய்த பிழைகள் மூன்று. அதில் இது ஒன்று.

“டைம் கீப்பர் சம்பளத்தைப் பிடிங்கடா” என்றாள் அம்மா. அவள் கையில் மூன்று தம்ளர் டீ இருந்தது. அன்றுமுதல் அவளும் எங்களோடு ஐந்து மணிக்கே எழுந்துகொண்டாள்.

ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது. புதுக் கதாநாயகி பாடினாள். சுருதி அவள் குரலுக்கு அளவெடுத்தது போல உட்கார்ந்தது. முடிந்ததும் கீபோர்டுக்காரர் எழுந்து வந்தார்.

“எல்லாத்தையும் அழிச்சுட்டதாச் சொன்னாங்க. எப்படி இறக்கினே?”

கடுகு பேரேட்டை நீட்டினாள். அவர் நின்றபடியே நான்கு பக்கம் புரட்டினார். சிவப்பு எண்களின் மேல் விரலை ஓட்டினார்.

“கட்டை எண், நேரம், நீளம், அழுத்தம். இதாம்மா மிடி. உள்ளுக்குள்ள இதேதான் இருக்கும். மிஷின் செய்யறதை நீங்க பேரேட்டுல செஞ்சிருக்கீங்க.” பேரேட்டை மூடிக் கொடுத்தார். “தச்சதுன்னாலும் சட்டை சட்டைதானே. அன்னிக்கு நான் சொன்னதை விட்டுடு.”

கடுகு பேரேட்டை வாங்கிக்கொண்டாள். இயக்குநர் இருந்த மேசைக்குப் போனாள்.

“சார், அந்தப் படிவம் இருக்கா?”

இருந்தது. ‘இசை’ என்ற சொல்லுக்கு எதிரே கோடு காலியாகவே இருந்தது. என் சட்டைப் பையிலிருந்து பேனாவை அவளே எடுத்துக்கொண்டாள். அதில் சிவப்பு மை என்பது எழுதிய பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் பதினெட்டாம் பக்கத்தில், நானூற்றுப் பன்னிரண்டாம் வரிக்குக் கீழே, நான் குறித்துவைத்தேன்: கையெழுத்து, காலை 11.42, ஞாயிறு, 9 நவம்பர் 2008.