முதுகுக்குப் பின்னால் ஓடியவன்

அந்த வெள்ளிப் பதக்கம் எனக்குத்தான் வந்திருக்க வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஓர் ஆனி மாதம் முழுக்க இதைத்தான் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்க விரும்பாதவர்களையும் வழிமறித்துச் சொன்னேன்.

குற்றாலத்துக்குக் குளிக்க வந்த வக்கீல்கள் சிலர், பொழுது போகாமல் ஏற்பாடு செய்த ஓட்டப் பந்தயம் அது. தென்காசி கோயில் வாசலில் புறப்பட்டு, குற்றாலத்தில் அருவிக்குப் போகும் தெருமுனையில் முடிக்க வேண்டும். முதலில் வருபவனுக்கு மட்டும் பதக்கம். அடுத்தவனுக்குக் கைதட்டல். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. ஜெயிப்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பதக்கத்தை மாட்டுவதற்காக முந்தின நாளே வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடித்து வைத்துவிட்டேன்.

ஆனி மாதக் காற்று மலையிலிருந்து இறங்கி நேராக முகத்தில் அறையும். குற்றாலத்தைப் பார்த்து ஓடுகிறவன் அதைத் தள்ளிக்கொண்டுதான் ஓட வேண்டும். நான் தள்ளினேன். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்தங்கிவிட, ஒருவனுடைய காலடிச் சத்தம் மட்டும் விடாமல் என் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்த அச்சன்புதூர்ப் பையன். தென்காசியில் மாமா வீட்டில் தங்கிப் படித்தான். நான் இடப்பக்கம் ஒதுங்கினால் அவனும் இடப்பக்கம் வந்தான். வலப்பக்கம் போனால் வலப்பக்கம் வந்தான். கடைசியில், வக்கீல்கள் குடை பிடித்துக்கொண்டு நின்ற இடம் கண்ணில் பட்டதும், சட்டென்று விலகி முன்னால் போனான். ஒரு கை நீளம்தான் வித்தியாசம். கட்டியிருந்த கயிறு அவன் நெஞ்சில் பட்டு அறுந்து கீழே விழுந்தது. நான் அதை மிதித்துக்கொண்டு போய் நின்றேன்.

வீட்டில் முதலில், விலாவில் பிடித்துக்கொண்டது என்றேன். யாரும் அசையவில்லை. பிறகு, ஒரு வண்டி மாடு குறுக்கே வந்துவிட்டது என்றேன். மாடு வந்தது நிஜம்தான். நான் அந்த இடத்துக்கு வருவதற்கு வெகு முன்னாலேயே அது சாலையைக் கடந்து போய்விட்டது. கடைசியாகக் காற்றைச் சொன்னேன்.

“காத்து ஒனக்கு மட்டுமாலே அடிச்சுது?” என்றார் அப்பா. சாரலில் நனைந்த தம் குடையை என் ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனார்.

அந்தக் கேள்வி என்னைப் பிடித்து ஆட்டத் தொடங்கியது. ஏனென்றால் எனக்கு மட்டும்தான் அடித்தது. மழைக்கு ஒதுங்குகிற மாதிரி அவன் என் முதுகுக்கு ஒதுங்கியே வழி முழுக்க வந்திருக்கிறான். காற்றைத் தள்ளியது நான், பதக்கம் வாங்கியது அவன். விலாவும் மாடும் சும்மா சொன்னவை, அவற்றை விட்டுவிடலாம். இது உண்மை. அதனால் விட முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்தேன். பாடப் புத்தகத்தைத் திறந்தால் சாலைதான் தெரிந்தது. காபி கிளப்பில் சொன்னேன். சவரக் கடையில் பாதி முகத்தில் சோப்போடு திரும்பித் திரும்பிச் சொல்லி, சவரம் செய்கிறவர் கத்தியைத் தூக்கிப் பிடித்துக் காத்திருக்கும்படி வைத்தேன். “ஆமாமா” என்று அவர்கள் தலையாட்டியபோது அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவன் காதுக்கும் இதெல்லாம் போயிருக்கும். ஆனாலும் எதிரே பார்த்தால் “என்னண்ணே” என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பு பொறுக்காமல் ஒரு நாள் கடைத்தெருவில் அவனை மறித்துக் கேட்டேன்.

“ஏலே, அடுத்தவன் முதுகுல ஒளிஞ்சு ஓடுததெல்லாம் ஒரு ஓட்டமா?”

கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் கொஞ்சம் யோசித்தான்.

“நீங்க சொல்லுததும் சரிதாம்ணே. வேணும்னா இன்னொரு தடவ ஓடுவோம். நான் முன்னால ஓடுதேன், நீங்க பின்னால வாங்க. ஜெயிச்சா பதக்கத்த எடுத்துக்கிடுங்க.”

ஆடி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடினோம். வக்கீல்கள் இல்லை, கயிறு இல்லை. ஊரைத் தாண்டியதும் காற்று வந்தது. நான் அவன் முதுகை ஒட்டிக்கொண்டேன். நான் சொன்னது அத்தனையும் சரி. முகத்தில் பாதிக் காற்றுகூட இல்லை, மூச்சு சுலபமாக வந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம். இந்தச் சுகத்தில்தானே பயல் அன்றைக்கு வந்திருக்கிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வீடுகள் தெரிந்ததும் விலகி, வைத்திருந்த பலத்தையெல்லாம் காலில் போட்டு ஓடினேன். அவனும் ஓடினான். என்னால் அவன் தோளைக்கூட எட்ட முடியவில்லை. அவன் தெருமுனையைத் தொட்டபோது எங்களுக்கு நடுவே ஒரு மாட்டுவண்டி போகலாம் போல இருந்தது.

முழங்காலில் கையூன்றி நின்றேன். சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று மனம் அங்கும் இங்கும் ஓடித் தேடியது. ஒன்றும் அகப்படவில்லை. அவன் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றான். அவனுக்கும் மூச்சு வாங்கியது.

“இன்னைக்குக் காத்து கம்மிண்ணே. அன்னைக்கு மாதிரி இல்ல. இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது” என்றான்.

அவன் சட்டை அந்தக் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் தலையை ஆட்டினால் போதும், மறுநாளே காபி கிளப்பில் போய்ச் சொல்லலாம். அவனை ஓர் அறை அறையலாம் போலிருந்தது. அழுகையும் வந்தது.

“இல்லலே” என்றேன். “காத்து நல்லாத்தான் அடிக்குது.”