அண்ணா கழுவி வைத்த ஆறு கோப்பைகள்

எங்கள் அண்ணா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர் பலருக்கு அவரை டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத் துணி ஆலையில் வேலை செய்த, திருமணம் செய்யாத, அதிகம் கதைக்காத ஒருவராகவே தெரியும். அவர் நல்ல உதைபந்தாட்டக்காரர் என்பதைத் தங்கை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அண்ணா பருத்தித்துறையில் பிறந்தார். எங்களைப் பெற்ற ஐயா காலமானபோது அவருக்குப் பதினான்கு வயது. வீட்டுப் பொறுப்புப் போக மிஞ்சிய நேரமெல்லாம் பந்துதான். பாடசாலை அணியிலும் பின்னர் ஊர்க் கழகத்திலும் நடுக்களத்தில் நின்று, முன்னால் ஓடுகிறவர்களுக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. பேப்பரில் கோல் அடித்தவரின் படம்தான் வரும். ஒருமுறை அந்தப் படத்தின் ஓரத்தில் அண்ணாவின் முழங்கை வந்தது. அம்மா அதையும் வெட்டி வைத்திருந்தார்.

அகதியாக டென்மார்க் வந்தும் அவர் பந்தை விடவில்லை. ஹேர்னிங்குக்கு அருகே ஒரு சிறிய கழகத்தின் கீழ்ப்பிரிவு அணியில், முழங்கால் பழுதாகும்வரை விளையாடினார். பிறகு அதே அணிக்குச் சம்பளமில்லாத பயிற்றுநரானார். அத்தனை வருடத்தில் ஒரேயொரு தடவை மேற்பிரிவுக்கு ஏறினார்கள்; மறு வருடமே இறங்கிவிட்டார்கள். நாங்கள் பகிடி பண்ணினால், "ஏறினது ஏறினதுதானே" என்பார். நான் இருக்கும் ரண்டர்ஸிலிருந்து அது எட்டாத தூரமில்லை. ஆனாலும் ஒரு ஆட்டம்கூட நான் போய்ப் பார்க்கவில்லை.

உடல் வருத்தம் வந்ததும் பயிற்சியை விட்டுவிட்டு வீட்டில் தனியே இருந்தார். சனிக்கிழமைகளில் நான் போகும்போது மேசையில் ஆறு தேநீர்க் கோப்பைகள் கழுவிக் கவிழ்த்திருக்கும்.

"ஆருக்கு அண்ணா?"

"ரீம் பெடியள் வருவினம். மட்ச் முடிஞ்சு, குளிச்சிட்டு வாற நேரம்தான்."

வருத்தக்காரரைப் பார்க்க எங்கள் ஆட்கள் கேட்டுக்கொண்டு வருவதில்லை, வந்து நிற்பார்கள். அண்ணா அப்படித்தான் எதிர்பார்த்தார். ஒருவரும் வரவில்லை. ஒருநாள் கோபம் தாங்காமல், "இவ்வளவு வருசம் அவங்களுக்காக ஓடித் திரிஞ்சியள். ஒருத்தனாவது எட்டிப் பார்த்தவனோ?" என்று கேட்டுவிட்டேன். அடுத்த சனிக்கிழமை மேசையில் இரண்டு கோப்பைகள்தான் இருந்தன.

இறுதிச் சடங்குக்கு முழு அணியும் வந்தது. அணித்தலைவர் அழுதபடி என்னிடம் டெனிஷ் மொழியில் சொன்னார்: "அவர் கூப்பிடுவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். நோயாளியின் வீட்டுக்குக் கேட்காமல் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்தோம்."

நான் முதியோர் இல்லத்தில் பல வருடமாக வேலை செய்கிறவள். இந்த நாட்டுக்காரர் கூப்பிடாமல் கதவைத் தட்டமாட்டார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். அதைச் செய்யாமல், மறந்துவிட்டார்கள் என்று அண்ணாவை நம்ப வைத்தவள் நான். அவர் அப்படியே போய்விட்டார்.

அண்ணாவைப் பராமரித்த தாதியர்க்கும், ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து வாராவாரம் சாப்பாடு கொண்டுவந்த மச்சாளுக்கும், துயரில் பங்குகொண்ட எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அணியினருக்கும் நன்றி. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து வந்த சனிக்கிழமை, அவர்களை ஒவ்வொருவராக நானே அழைத்தேன். சொன்ன நேரத்துக்கு எல்லோரும் அண்ணாவின் வீட்டுக்கு வந்தார்கள். ஆறு கோப்பைகள் போதவில்லை.