படம் பொய் சொல்லும் என்றேன்

தொண்ணூற்று நான்காம் ஆண்டு ஆடி முதல் புரட்டாசி வரை நடந்தவை, வரிசைப்படி:

1. வியாழன் கோளின் மேல் ஒரு வால்நட்சத்திரத்தின் துண்டுகள் விழுந்தன. விழுந்த இடங்களில் கறுப்புப் பொட்டுகள் தெரிந்தன.
2. அந்தப் படத்தைப் பெரியப்பாவிடம் காட்டினேன். பொய் என்றார்.
3. படத்தின் நிறங்கள் பிறகு சேர்க்கப்பட்டவை என்று நான் ஒப்புக்கொண்டேன்.
4. பெரியப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரலின் மேல்பகுதியில் வெள்ளையாக ஒரு பொட்டு இருந்தது.
5. அந்தப் படமும் பொய் என்றார். அதற்கு என்னையே சாட்சியாக்கினார்.

இந்த ஐந்தில் இரண்டாவதும் மூன்றாவதும் என்னால் நடந்தவை. இரண்டாவதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. மூன்றாவதை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபது வயது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டுக் காந்திபுரத்தில் ஒரு கலர் லேபில் பிரிண்ட் போடும் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு நெகட்டிவாகச் சின்னத் திரையில் வந்து நிற்கும். மஞ்சள், மெஜந்தா, சயான், அடர்த்தி என்று நான்கு வரிசை விசைகள். கல்யாணப் பெண்ணின் முகம் மங்கலாக இருந்தால் அடர்த்தியில் இரண்டைக் குறைப்பேன். பட்டுச்சேலை வாடித் தெரிந்தால் மெஜந்தாவைக் கொஞ்சம் ஏற்றுவேன். இதைப் பொய் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. திருத்தம் என்று சொல்வோம்.

பெரியப்பா சிங்காநல்லூரில் ஒரு பம்புப் பட்டறையில் லேத்தில் இரும்பு கடையும் டர்னர். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். என் அப்பா வெளியூர் மில்லில் வேலை பார்த்து, மாதம் ஒருமுறை வந்து போனவர். அதனால் என்னைப் பாலிடெக்னிக்கில் சேர்க்க வரிசையில் நின்றது, லேபில் வேலைக்குச் சொல்லிவைத்தது, முதல் நாள் பஸ் ஏற்றிவிட்டது எல்லாம் பெரியப்பாதான். பம்பின் தண்டைக் கடைந்து முடித்ததும் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு வெர்னியர் காலிபரால் கவ்வி அளப்பார். மேஸ்திரி கொடுக்கும் வரைபடத்தை அவர் முழுதாக நம்பியதே இல்லை. "காயிதத்துல எதைய வேணா வரையலாம். கவ்விப் பாத்தாத்தான் நெசம்" என்பார்.

இரும்பில் இப்படி இருந்தவர் கோயிலில் வேறு மாதிரி. வியாழக்கிழமை தவறாமல் மாலையில் குளித்துவிட்டு, பெரியம்மா கோத்துக்கொடுத்த கொண்டைக்கடலை மாலையோடு நவக்கிரகத்துக்குப் போய்க் குருவுக்கு விளக்கு போடுவார். அவர்கள் மகளை, என் அக்காவை, எந்த இடத்தில் கொடுப்பது என்ற கவலை. குருபலன் வந்தால் எல்லாம் கூடிவரும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். அந்த வைகாசியில்தான் அக்காவின் நெகட்டிவை எடுத்துக்கொண்டு அவரே லேபுக்கு வந்தார். கண்ணாடிக் கதவைத் தள்ளலாமா என்று தயங்கி நின்றுவிட்டு, என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"சித்த வெளுப்பாக் குடு கண்ணு. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க மொதல்ல படத்தத்தான் பாப்பாங்க."

கொடுத்தேன். அவர் கண் முன்னாலேயே அக்கா மூன்று விசையில் வெளுத்தாள். ஜாதகத்தோடு மஞ்சள் தடவிய கவரில் வைக்கும்முன் அக்கா அதை வாங்கிப் பார்த்தாள். "இந்தப் புள்ள ஆருங்கப்பா? எனக்குத் தங்கச்சி இருக்கறத இத்தன நாளாச் சொல்லவே இல்லீங்களே?" என்றாள். எல்லாரும் சிரித்தோம்.

ஆடி முடியும் சமயம் ஒரு பள்ளி ஆசிரியை பத்திரிகையிலிருந்து வெட்டிய படம் ஒன்றைக் கண்காட்சிக்காகப் பெரிதாக்கக் கொடுத்தார். வியாழன் கோள். அதன் கீழ்ப்பாதியில் வரிசையாகக் கறுப்புத் தழும்புகள். சில தழும்புகள் நம் பூமி அளவு என்று கீழே அச்சாகியிருந்தது. படம் ரசாயனத்திலிருந்து வெளியே வந்தபோது, உண்மையைச் சொல்வதானால், பயந்தேன். நாம் நிற்கும் இத்தனையும் அங்கே ஒரு பொட்டு. இந்தப் பயத்தைத் தனியாக வைத்துக்கொள்ள முடியாமல்தான் ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைந்த தண்டைப் பார்ப்பதுபோலவே பார்த்தார்.

"இது குருவா?"

"ஆமாங்க பெரியப்பா. இதுக்குள்ள ஆயிரம் பூமிக்கு மேல அடங்குமாமுங்க."

"போட்டுப் பாத்தாங்களாமா?"

அடுப்படியிலிருந்து பெரியம்மா, "மொதல்ல நம்மூட்டு அண்டாவுல எத்தன கொடம் புடிக்கும்னு கேட்டுச் சொல்லு அம்மணி" என்றார்.

பெரியப்பா சிரிக்கவில்லை. "கோயில்ல ஒம்பது பேரும் ஒரே உசரத்துல நிக்கறாங்க. வெச்சவன் முட்டாளா? காலிபர் எட்டாத எடத்துல இருக்கறத அளந்தேன்னு சொல்றவன்தான் முட்டாள்." படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, "சரி, நேர்ல போய்ப் பாத்தா இதே நெறமா இருக்குமா?" என்று கேட்டார்.

இங்கேதான் நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் படத்தின் கீழே இருந்த சிறு குறிப்பையும் நான் படித்திருந்தேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்வதுதான் படித்தவளுக்கு அழகு என்று நினைத்தேன்.

"இல்லீங்க. கண்ணுல தெரியாத வெளிச்சத்துலயும் எடுப்பாங்க. நெறமெல்லாம் பொறவு சேக்கறதுங்க."

அவர் முகம் தெளிந்தது. "உங்கக்காளுக்கு நீ வெளுப்பு போட்டாப்பல."

"அந்த மாதிரிதானுங்க. படம் பொய் சொல்லுமுங்க பெரியப்பா. நாங்களே தெனமும் பத்து சொல்றோம்" என்று சிரித்தேன்.

இருமல் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. பட்டறைத் தூசி என்றார். ஆவணியில் மாலை நேரக் காய்ச்சலும் சேர்ந்தது. பெரியம்மா அழுத பிறகு, திருச்சி சாலையில் ஒரு மருத்துவரிடம் நான்தான் கூட்டிப் போனேன். மருத்துவர் எக்ஸ்ரே படத்தை விளக்குப் பெட்டியில் செருகினார். வலது பக்கம், காறை எலும்புக்குக் கீழே, பஞ்சைப் பிய்த்து வைத்தாற்போல ஒரு வெள்ளை. "இந்த நெழல் டி.பி. மாதிரி இருக்குதுங்க. மூணு நாள் காலைச் சளியக் கொண்டாந்து குடுங்க. உறுதியாச்சுன்னா ஆறு மாசம் மாத்திரை. நல்லாயிரும். விட்டுப்போட்டா..." என்றவர், சளி பிடிக்க ஒரு சிறு டப்பாவை என்னிடம் நீட்டினார்.

பஸ் நிறுத்தத்தில் பெரியப்பா அந்தப் பெரிய உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். "வெளுப்புதானே கண்ணு. எந்தப் புள்ள போட்டுச்சோ" என்றார்.

"பெரியப்பா, இதுல நெறமே சேக்கறதில்லீங்க."

"கறுப்பும் வெளுப்பும் நெறமில்லாம என்ன? வெளுப்பு போடறதுதானே உன்ற தொழிலு. படம் பொய் சொல்லும்னு சொன்னவளே நீதானே."

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுநாள் சளி கொடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் கொடுக்கவில்லை. அக்காவைப் பார்க்க வருவதாக இருந்தவர்கள் காதில் டி.பி. என்ற சொல் விழுந்தால் என்ன ஆகும் என்ற கணக்கும் அதில் இருந்தது. ஆனால் அது மட்டுமில்லை. பொய் என்று சொல்லச் சொல்ல அவர் அதை நம்பினார். கேட்பவர்களிடமெல்லாம், "எங்கூட்டுப் புள்ளயே படத்துல வேல பாக்குது. அதுவே சொல்லுது" என்றார். பட்டறையில் சொன்னார், கோயிலில் சொன்னார். நான் விளையாட்டாகச் சொன்ன ஒரு வாக்கியம் ஊருக்குள் நடமாடிக்கொண்டிருந்தது. அதைத் திரும்பக் கூப்பிட எனக்கு வழி தெரியவில்லை.

என்னென்னவோ செய்து பார்த்தேன். எக்ஸ்ரே எப்படி விழுகிறது என்று தாளில் வரைந்து காட்டினேன். காயிதத்தை நம்பாதவரிடம் தாளைக் கொடுத்ததே தவறு. மருத்துவரை வீட்டுக்கு அழைத்தேன், வரவில்லை. பெரியம்மாவை விட்டுச் சத்தியம் வாங்கச் சொன்னேன், "குரு பாத்துக்குவாரு" என்று பெரியப்பா முடித்துவிட்டார். சிறுவாணித் தண்ணீர் வரும் காலைகளில் இரண்டு வீட்டுக்கும் அவர்தான் குடம் தூக்குவார். தெருக்குழாயிலிருந்து வாசலுக்கு இருபது அடி. புரட்டாசி பிறந்தபோது அந்த இருபது அடியில் இரண்டு முறை குடத்தை இறக்கிவைத்தார். சட்டைக் கழுத்துக்கும் அவர் கழுத்துக்கும் இடையே என் விரல் நான்கு நுழையும் இடைவெளி வந்துவிட்டது.

ஒரு நாள் மதியச் சாப்பாடு கொடுக்கப் பட்டறைக்குப் போனேன். லேத்தின் அடியில் எண்ணெய் துடைக்கும் பனியன் வேஸ்ட் குவியலாகக் கிடந்தது. அதில் ஒரு துண்டில் எண்ணெய்க் கறுப்பு இல்லை. சிவப்பாக இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "வெத்தல" என்றார். பெரியப்பா வெற்றிலை போடுகிறவர் இல்லை. தூக்குப்போசியை வைத்துவிட்டு வெளியே வந்தேன். இந்த மனிதர் சாகப் போகிறார், என் பேச்சை நம்பிச் சாகப் போகிறார் என்று அப்போதுதான் முழுதாக உறைத்தது.

திரும்ப உள்ளே போனேன். இந்த முறை வாதாடவில்லை.

"பெரியப்பா, நான் சொன்னதையும் நம்பாதீங்க, டாக்டர் சொன்னதையும் நம்பாதீங்க. இன்னொரு எடத்துல இன்னொரு படம் எடுப்போமுங்க. ரெண்டையும் நீங்களே அளந்து பாருங்க."

அளந்து பார் என்று சொன்னால் அவரால் மறுக்க முடியாது. இரண்டாவது படம் வேறு இடத்தில், வேறு ஆளால், முதல் படத்துக்கு ஐந்து வாரம் கழித்து எடுக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டறையில் யாரும் இல்லாதபோது, இரண்டு படங்களையும் கிழக்கு ஜன்னல் கண்ணாடியில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். அவர் காலிபரின் தாடைகளை வேட்டி நுனியில் துடைத்தார்.

நேராகப் பொட்டுக்குப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. முதலில் ஒரு விலா எலும்பின் அகலத்தை அளந்தார். இரண்டாவது படத்திலும் அதே எலும்பு, அதே இடம். "எலும்பு ரெண்டுலயும் ஒண்ணுதான். அப்ப மிஷினுல வித்தியாசமில்ல" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு பொட்டு. முதல் படத்தில் இருபத்திரண்டு மில்லிமீட்டர். ஜன்னல் திண்டில் சாக்பீசால் எழுதினார். இரண்டாவதில் இருபத்தொன்பது. எழுதவில்லை. மறுபடி அளந்தார். மூன்றாம் முறையும் அளந்தார். பெரியப்பா ஒரு பொருளை மூன்று முறை அளந்தால் அது ஒதுக்கித் தள்ளும் பொருள் என்று பட்டறையில் எல்லாருக்கும் தெரியும்.

காலிபரை மூடினார். அவர் பயந்து நான் பார்த்ததில்லை, அதனால் அந்த முகத்தை உடனே அடையாளம் தெரியவில்லை.

"அந்தக் குரு மேல இருந்த கறுப்பு. அதையும் இப்புடித்தான் அளந்தாங்களா?"

"ஆமாங்க. கோளோட குறுக்களவ வெச்சு."

"அப்ப அது அத்தன பெருசுதான்."

"ஆமாங்க பெரியப்பா."

"அத்தன பெருசுக்கு, இங்க ஒருத்தன் வெளக்கு போட்டது தெரியுமா கண்ணு?"

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். தினமும் எத்தனை முகங்களுக்கு வெளுப்பு போடுகிறவள் நான். அன்று ஒரு விசையை அழுத்தியிருந்தால் யாருக்கும் எதுவும் குறைந்திருக்காது. அழுத்தவில்லை. கோயிலில் இருப்பவர் வேறு, வானத்தில் இருப்பது வேறு என்று சில ஆண்டுகள் கழித்து எனக்கு ஒரு பதில் தோன்றியது. அன்று தோன்றவில்லை. அவரும் காத்திருக்கவில்லை. படங்களை ஜன்னலிலிருந்து மெதுவாக, மூலை கிழியாமல் உரித்து என்னிடம் கொடுத்தார். "நாளைக்குக் காலைல டப்பாவக் குடுத்துட்டு வாரேன்" என்றார்.

சளியில் டி.பி. உறுதியானது. ஆறு மாதம் மாத்திரை. அக்காவைக் கேட்டு வந்த முதல் இடம் விலகிப் போனது. அடுத்த இடத்துக்கு அக்கா தானே ஒரு படம் எடுத்துக்கொண்டு லேபுக்கு வந்தாள். "அந்த வெளுத்த தங்கச்சி வேண்டாம், நானே போறேன்" என்றாள். எந்த விசையையும் தொடாமல் போட்டுக் கொடுத்தேன்.

இதை எழுதும்போது ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. அக்கா பொள்ளாச்சியில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். பெரியப்பா இன்னும் அதே பட்டறைக்குப் போகிறார். போன மாதம் எடுத்த எக்ஸ்ரேயில் ஆறிய தழும்பு மட்டும் இருக்கிறது. வியாழக்கிழமைகளில் பெரியம்மா தனியாகக் கோயிலுக்குப் போகிறார். பெரியப்பா ஏன் வருவதில்லை என்று பெரியம்மா என்னிடம் இரண்டு முறை கேட்டுவிட்டார். தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.