பழுப்பேறிய டயலும் பதறிய நானும்

மற்ற வியாபாரங்களில் பொருள் புதுசா என்று பார்ப்பார்கள். பழைய உயர்தரக் கைக்கடிகாரம் சேர்க்கிறவன், அது ஒழுங்காகக் கிழடாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கறுப்பு டயல் வருஷக்கணக்கில் வெயில் பட்டுத் தானாகவே காப்பி நிறத்துக்கு மாறியிருந்தால், எங்களுக்கு அதுதான் உயிர். கூலிம் ஹைடெக் பூங்காவில் மெஷின் பார்ப்பது என் வேலை; லீவு நாளெல்லாம் இந்தப் பைத்தியம். உங்களில் யாருக்காவது இதே வியாதி இருந்தால், நான் பட்ட பாடு புரியும்.

ஓரம் கருகியது

கூலிமில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒருவர் கடிகாரம் ஒன்றைக் காட்டினார். அப்படியொரு பழுப்பு! ஒழுகும் கூரையை மாற்ற வைத்திருந்த பணத்தை அங்கேயே கொடுத்துவிடத் துணிந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த மனைவி தேவி, என் பூதக்கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தாள். தீபாவளிக்குக் கேக் சுட்டு விற்கிறவள் அவள்.

நிஜமான டயலில், மூடியின் விளிம்புக்கு அடியில் வெயில் படாமல் ஒளிந்திருக்கும் ஓரம் கறுப்பாகவே இருக்கும். இதில் ஓரம்தான் அதிகம் வெந்திருந்தது. ஆசையில் எனக்கு அது கண்ணில் படவே இல்லை. தேவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். விற்க வந்தவர் டீயைக்கூட முடிக்காமல் எழுந்து போய்விட்டார். எனக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. அவள் கேட்டது இதுதான்: "அண்ணே, இது வெயில்ல காஞ்சதா, ஓவன்ல வெந்ததா லா?"

நெத்திலியோடு நெத்திலியாக

தஞ்சோங் டாவாய் மீனவர் கிராமத்துக்கு நெத்திலி வாங்கப் போனோம். பெருமைக்கு என் அருமைக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போனேன். திரும்பும்போது பார்த்தால் கை வெறுமை. வார் பிடித்திருந்த ஊசி கழன்றிருக்கிறது! படகுத்துறை ஓரமாகத்தான் நடந்திருந்தோம். தண்ணீரில் விழுந்திருந்தால் அதோடு சரி. அந்த வயசான டயல் உப்புத்தண்ணீரைத் தாங்காது.  

நாங்கள் கருவாடு பொறுக்கிப் பார்த்த கடைக்கு ஓடினேன். காயவைத்த நெத்திலியைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மா, எல்லாரும் மக்சிக் என்று கூப்பிடுகிறவர், குவியலுக்குள் கையை விட்டு அதை எடுத்து நீட்டினார். ஒரு கீறல் இல்லை. காதில் வைத்தேன், ஓடியது. அவர் அதைத் திரும்ப வாங்கி மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்: "ஜாம் லாமா, பாவு பாரு!" பழைய கடிகாரம், புது வாடை!

கிராணியின் கடிகாரம்

பாடாங் மேஹா பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுகிறவராக இருந்து காலமானவருக்கு, சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்த கடிகாரம் அது. கிராணியின் மனைவி ராசம்மா அக்கா விற்பதாகச் சொல்லியிருந்தார். வெயிலில் ரப்பர்க் காட்டைச் சுற்றியவரின் கையிலேயே கிடந்து பழுத்த டயல். எத்தனையோ வருஷமாக நான் தேடியது.

சொன்னபடி போனேன். "மருமவன் சுங்கைப்பட்டாணி கடிகாரக் கடைக்கு எடுத்துட்டுப் போயிருக்காரு தம்பி. உள்ள கறுப்புப் பெயிண்ட் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடுமாம்" என்றார் அக்கா. அடித்தால் இத்தனை வருஷம் பழுத்ததெல்லாம் போச்சு! மருமகனுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. அக்காவையும் காரில் ஏற்றிக்கொண்டு பறந்தேன்.

கடையில் டயல் தனியாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. கடைக்காரர் பிரஷை நனைத்துவிட்டார். "அடிக்காதீங்க!" என்று நான் கத்தியதில் தெருவே திரும்பியது. "நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்று மருமகன் பாவம், விழித்தார். தப்பித்த டயலைத் திரும்பப் பொருத்தியதும் அக்கா கடிகாரத்தைத் தன் கையில் கட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே இது எனக்கில்லை என்று தெரிந்துவிட்டது. கோபம் வரவில்லை, ஒரு பாரம் இறங்கியதுபோல்தான் இருந்தது. அக்கா சொன்னார்: "அவரு கை நெறம் தம்பி இது. குடுக்க மனசு வரல, கோச்சுக்காதீங்க."

வாங்கியவற்றைவிட வாங்காமல் வந்தவற்றை நினைத்தே அதிகம் நிம்மதியாகத் தூங்குகிற சேகரிப்பாளன், இந்தக் கெடா மாநிலத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.